டேப் இருந்தால் தெரபி வேண்டாமாம்!

வெள்ளவத்தை அம்மா:
நேற்று இங்கே ஒருவர் "ஓட்டிசம் பிள்ளைக்கு ஒரு டேப் (டேப்லெட்) வாங்கிக் கொடுங்கள், ஸ்பீச் தெரபிக்கு அலையத் தேவையில்லை" என்று எழுதியிருந்தார். வாசித்ததில் இருந்து எரிச்சல். என் மகனுக்கு ஆறு வயது, டேப் வாங்கி ஒரு வருஷம், கார்ட்டூன்தான் ஓடுகிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
எழுதியது நான்தான், ஒளிக்கவில்லை. கார்ட்டூன் போட்டால் கார்ட்டூன்தான் ஓடும் அக்கா! நான் சொன்னது, படத்தைத் தொட்டால் சொல்லைச் சொல்லும் ஆப். 2014-ல் அமெரிக்காவில் ஆய்வாளர் கோனி கசாரியின் குழு, 5 முதல் 8 வயது வரை, அதிகம் பேசாத 61 பிள்ளைகளோடு ஆய்வு செய்தது. தெரபியோடு பேசும் கருவியும் கிடைத்தவர்கள்தான் தாமாகக் கூடுதலாகச் சொன்னார்கள். 61 பிள்ளைகள்!

தெஹிவளை தாத்தா:
"தெரபியோடு" என்று நீரே எழுதிவிட்டீர் தம்பி. அந்த 61 பேருக்கும் தெரபிஸ்ட் இருந்தார்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
61 பிள்ளைகள் உங்களுக்குக் குறைவா? இங்கே தவணை கிடைக்க எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும், பஸ்ஸில் கதறும் பிள்ளையோடு நான்தான் போகிறேன்.

வெள்ளவத்தை அம்மா:
சொன்னார்கள் என்றால் வாயாலா, டேப்பாலா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
சொன்னார்கள். போதாதா?

ராகமை ஸ்பீச்:
நான் இந்தத் துறைதான். கருவி வாய்ப்பேச்சைக் கெடுக்காது. 2006-ல் வந்த ஆய்வுத் தொகுப்பிலும் அப்படி யாருக்கும் குறையவில்லை, பலருக்குக் கொஞ்சம் கூடியது. ஆனால் பக்கத்தில் இருந்து பழக்க ஒருவர் வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பார்த்தீர்களா, ஸ்பீச் காரரே என் பக்கம்.

ராகமை ஸ்பீச்:
நான் யார் பக்கமும் இல்லை!

தெஹிவளை தாத்தா:
வாயாலா டேப்பாலா என்று அந்த அம்மா கேட்டதற்குப் பதில் எங்கே?

வெள்ளவத்தை அம்மா:
அதோடு அந்த ஆப்புகள் பேசுவது இந்தியத் தமிழ். என் மகன் கேட்பது பாண், அது சொல்வது பிரெட்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சென்னையில் உருவான ஆவாஸ் ஆப் தமிழில் இருப்பதே பெரிய விஷயம். புதுச் சொல்லும் படமும் நாமே சேர்க்கலாம், பாண் படத்தை எடுத்துப் போடுங்கள். இதற்கும் நானா வர வேண்டும்? போன வருஷம் கோதுமையை நிறுத்தினால் பேச்சு வரும் என்று இதே அக்காதான் எழுதினார்.

வெள்ளவத்தை அம்மா:
அதை ஏன் இப்போது கிளறுகிறீர்கள்? நான் கேட்டது வாயாலா டேப்பாலா.

கொட்டாஞ்சேனைக்காரன்:
61 பிள்ளைகள் அக்கா. வாசித்துவிட்டு வாருங்கள்.

தெஹிவளை தாத்தா:
வாசித்தவர்தான் சொல்லமாட்டேன் என்கிறாரே.