கயிற்றுக்கு முன்னாலா, பின்னாலா: ஊட்டிக் கச்சேரிக்கு எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

கயல், மாலை 6:40
பெரியப்பா, அத்தை, ஊட்டிக் கச்சேரிக்கு இன்று காலை டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மேடைக்கு முன்னால் சமதளத்தில் எண் போட்ட நாற்காலிகள், ஆளுக்கு 900 ரூபாய். அதற்குப் பின்னால் கயிறு கட்டிப் பிரித்த புல்தரைச் சரிவு, ஆளுக்கு 300 ரூபாய். அங்கே முதலில் வருபவர்கள் விரும்பிய இடத்தில் உட்காரலாம். பாட்டியோடு சேர்த்து நாம் ஆறு பேர். இன்றிரவுக்குள் முடிவு சொன்னால் எடுத்துவிடுவேன்.

பெரியப்பா, மாலை 6:52
நாற்காலியே எடுத்துவிடு, கயல். தரையில் உட்கார்ந்தால் என்னை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அம்மாவுக்கு வயது 83 என்பதையும் யாரும் மறக்க வேண்டாம்.

அத்தை, மாலை 7:05
அண்ணா, கோயில் திருவிழாவில் நாகசுரம் கேட்பதற்கு நாம் என்றைக்கு நாற்காலி தேடினோம்? திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும் வித்துவான்களே பந்தலில் தரையில்தானே அமர்கிறார்கள்? முதல் பாதி வீணை, அடுத்த பாதி நாகசுரமும் தவிலும் என்று போட்டிருக்கிறார்கள். கால் நீட்டி உட்கார்ந்து கேட்க வேண்டிய கச்சேரி அது. கோயம்புத்தூரிலிருந்து இ-பாஸ் எடுத்து மலையேறி வந்து, முன்வரிசைக்காரரின் பின்னந்தலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப எனக்கு மனமில்லை.

பெரியப்பா, மாலை 7:11
பாமா, திருவையாற்றுத் தரையும் ஊட்டித் தரையும் ஒன்றா? நாம் போவது 2,240 மீட்டர் உயரத்துக்கு. சித்திரையில் மதியம் ஒரு மழை பெய்தால் போதும். கிக்குயூ புல் மெத்தை போலப் பின்னிக்கொண்டு வளர்வதால் நுனி காய்ந்தாலும் அடி காய்வதில்லை. பார்வைக்கு உலர்ந்திருக்கும், உட்கார்ந்த கால் மணி நேரத்தில் புடவை நனைந்துவிடும். மழையே இல்லாமல் வானம் தெளிவாக இருந்தாலோ, இருட்டியதும் புல் சூட்டை இழந்து பனி பிடித்துவிடும்.

செந்தில் (பெரியப்பா மகன், பாஸ்டன்), மாலை 7:30
அப்பா சொல்வதை நானும் பட்டு அறிந்திருக்கிறேன். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு கோடையில் வாசிக்கும் டாங்கிள்வுட்டுக்கு ஆண்டுதோறும் போகிறோம். அங்கேயும் இதே இரண்டு வகைதான்: பக்கங்கள் திறந்த ஒரு பெரிய கொட்டகைக்குள் ஏறத்தாழ 5,000 இருக்கைகள், அதைச் சுற்றிப் புல்வெளி. அந்தக் கொட்டகை வந்த கதையே மழையால்தான். 1937 ஆகஸ்டில் கூடாரத்தில் நடந்த கச்சேரியை இடிமழை திரும்பத் திரும்ப நிறுத்த, விழாவை முன்னின்று நடத்திய கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் அந்த இடத்திலேயே மேடையேறி நிதி கேட்டிருக்கிறார். மறு ஆண்டே கூரை எழுந்துவிட்டது. புல்வெளியில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்றும் குடையே கூரை. ஆனாலும் நாங்கள் புல்வெளிதான் எடுக்கிறோம். குழந்தை ஓடலாம், கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைப் பிரிக்கலாம். மேடை தெரியாது, ஒலிபெருக்கி வழியாகத்தான் இசை வரும் என்று தெரிந்தே போகிறோம்.

கயல், மாலை 7:48
நான் நேற்று மைதானத்தைப் போய்ப் பார்த்தேன், அண்ணா. இங்கே சரிவு இருப்பதால் புல்தரையிலிருந்து மேடை நன்றாகவே தெரிகிறது. சமதளத்து நாற்காலிகளில் நான்காவது வரிசைக்குப் பின்னால்தான் தலைகள் மறைக்கும். மேடையிலிருந்து கயிறு வரை அடி வைத்து அளந்ததில் சுமார் 35 மீட்டர், சரிவின் உச்சி வரை சுமார் 70 மீட்டர். நாற்காலிகள் எல்லாம் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். பின்கால்கள் இரண்டும் ஈர மண்ணில் இரண்டு விரற்கடை இறங்கி, நான் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்துவிட்டேன். காலுக்கடியில் பலகை போடப்போவதாக அங்கிருந்த ஆள் சொன்னார்.

அப்பா, இரவு 8:15
இருபத்தைந்து ஆண்டுகள் குன்னூரில் மைக் செட் கட்டியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். மேடைக்கு இரண்டு பக்கமும் ஒலிபெருக்கிப் பாக்ஸ் வைப்பார்கள். முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கத்துப் பாக்ஸ் மட்டுமே காதில் விழும், தவில் தொடங்கினால் நெஞ்சுக்குள் இடிக்கும். சரிவின் உச்சிக்குப் போனால் வேறொரு தொல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. 70 மீட்டரில் தவில் கழி தோலில் விழுவதைக் கண் பார்த்து, ஐந்தில் ஒரு நொடி கழித்துத்தான் காது கேட்கும். தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. தவில் அதைத் தாங்கும், வீணையில் ஸ்வரத்தை மெல்ல அசைக்கும் கமகம் தாங்காது, பக்கத்தில் ஒருவர் சிப்ஸ் பொட்டலம் பிரித்தால் போயிற்று. எந்தக் கச்சேரியிலும் மிக்ஸர், அதாவது எல்லா மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் கருவி, வைத்திருக்கும் இடத்தைத் தேடிப் போய் உட்காருங்கள். அந்த ஆள் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் திருகுகிறான். கயல், மிக்ஸர் எங்கே வருகிறது?

கயல், இரவு 8:19
கயிற்றை ஒட்டி, கடைசி நாற்காலி வரிசைக்கு நடுவில் மேசை போட்டிருக்கிறார்கள், அப்பா.

அப்பா, இரவு 8:26
அப்படியானால் கடைசி வரிசையில் மிக்ஸருக்குப் பக்கத்து நாற்காலிகள் மூன்று, கயிற்றுக்குப் பின்பக்கம் புல்தரை மூன்று. அண்ணனும் அம்மாவும் துணைக்கு ஒருவரும் நாற்காலியில் இருக்கட்டும். மற்றவர்கள் அவர்களுக்கு நேர் பின்னால் இருந்தால் பிளாஸ்க் கைமாறக்கூட எழ வேண்டியதில்லை. சரிவு அங்கேதான் தொடங்குகிறது என்பதால் கடைசி வரிசைக்குத் தலை மறைப்பும் குறைவாக இருக்கும்.

அத்தை, இரவு 8:31
கடைசி வரிசைக்கும் அதே 900 ரூபாய்தானா என்று கேட்க வாய் வருகிறது. இருந்தாலும் தம்பி சொன்ன ஏற்பாடு எனக்குச் சம்மதம்.

அப்பா, இரவு 8:44
அம்மாவிடம் கேட்டேன். நாற்காலியில் இரண்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டால் வீங்கிவிடும், தனக்குத் தரைதான் வேண்டும் என்கிறார். எழுவதைப் பற்றிக் கேட்டால், கச்சேரி முடிந்த பிறகுதானே எழ வேண்டும் என்று பதில் வருகிறது.

பெரியப்பா, இரவு 8:50
ஈரத் தரைக்கு அம்மாவை விட முடியாது. பூஜையறை மணையை எடுத்து வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கால்களை அதன்மேல் வைத்துக்கொள்ளட்டும். என் பேரைச் சொல்லாமல் கயல் சொன்னதாகச் சொல்லுங்கள், கேட்பார்.

கயல், இரவு 9:02
பாட்டி சம்மதித்துவிட்டார், மணையின் மேல் கம்பளி விரிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மிக்ஸருக்கு வலப்பக்கம் மூன்று நாற்காலிகளும் புல்தரை மூன்றும் எடுத்தாயிற்று, மொத்தம் 3,600 ரூபாய். கயிற்றோரம் இடம் பிடிக்க நானும் அம்மாவும் நாலரைக்கே போய்விடுகிறோம். அத்தை, உங்கள் வீட்டு மாடியில் நெல் காயப்போடும் நீலத் தார்பாயை மறக்காமல் கொண்டு வாருங்கள். போர்வையை அதன்மேல்தான் விரிக்க வேண்டும்.

அத்தை, இரவு 9:06
அதில் ஒரு மூலையில் எலி கடித்த ஓட்டை இருக்கிறது. அந்த மூலையில் உன் அப்பா உட்காரட்டும்.