கிளாரினெட் விம்முகிறது, கதை காதில் விழவில்லை

புரூக்ளினில் 80 இருக்கைகள் கொண்ட ஒரு சிறு கூடம். கதைகளில் முட்டாள்களின் ஊராகப் பேர்பெற்ற ஹெல்மின் 'அறிவாளிகள்' நிலவைத் தண்ணீர்ப் பீப்பாயில் பிடித்து மூடிவைத்த யூத நாட்டுப்புறக் கதையை 35 நிமிட இசைக்கதையாக்கியிருக்கிறோம். கதை சொல்பவன் நான். கிளாரினெட், வயலின், அக்கார்டியன் மூன்றும் கிளெஸ்மர் என்னும் கிழக்கு ஐரோப்பிய யூத நாட்டுப்புற இசைப் பாணியில். மெட்டு டி சுருதியில், ஃப்ரைகிஷ் என்னும் சுர வரிசையில் அமைந்தது (நம் வகுளாபரண ராகத்தின் அதே சுரங்கள்தான்). மேடையேற இன்னும் 12 நாட்களே இருக்கின்றன.

சிக்கல் கிளாரினெட்தான். 'கிரெக்ட்ஸ்' என்னும் அந்த விம்மல் கமகம் வரும் இடமெல்லாம் என் வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் கரைந்துவிடுகின்றன. ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள், "நிலா எங்கே போனது?" என்று அம்மாக்களைக் கேட்கிறார்கள். கதையின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது!

காலர் மைக் மாட்டினேன். அக்கார்டியனும் அதற்குள் புகுந்துகொண்டது. கிளாரினெட்காரரை மூன்று மீட்டர் பின்னால் உட்காரவைத்தோம், பலனில்லை. அடக்கி வாசிக்கச் சொன்னால் விம்மல் செத்துவிடுகிறது. அது இல்லாத கிளெஸ்மர் உப்பில்லாத சோறு. இசையை நிறுத்திவிட்டுப் பேசினேன், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

இப்படி மேடையேற்றியவர்கள் சொல்லுங்கள்: பேச்சுக்கு அடியில் அக்கார்டியனின் ஒற்றைச் சுருதியை மட்டும் விட்டு, கிளாரினெட்டை வாக்கிய இடைவெளிகளுக்கு ஒதுக்கினால் போதுமா, அல்லது மெட்டையே மாற்றி எழுத வேண்டுமா?