ஆற்றல் கணமா, அடுக்குக் கணமா?

வணக்கம் நண்பர்களே,

கணிதத்தில் கணம் (set) என்பது உறுப்புகளின் தொகுப்பு. அதன் உறுப்புகளை மட்டும் கொண்டு அமைவது உட்கணம். ஒரு கணத்தின் எல்லா உட்கணங்களையும் உறுப்புகளாகக் கொண்ட கணத்துக்கு (power set) நம் கலைச்சொல் பட்டியலில் 'ஆற்றல் கணம்' என்று பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள 'அடுக்குக் கணம்'தான் சரி. பழகிய சொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உட்கணங்களை எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும்.

அறுசுவையை எடுத்துக்கொள்வோம்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு. உட்கணம் அமைக்கும்போது ஒவ்வொரு சுவைக்கும் இரண்டே நிலை, உள்ளே அல்லது வெளியே. ஒன்றின் நிலை மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. ஆகவே 2×2×2×2×2×2 = 64, அதாவது இரண்டின் அடுக்கு ஆறு. ஏழாவதாக ஓர் உறுப்பு வந்தால் பழைய 64 அப்படியே இருக்கும். அந்த 64-இலும் புதியதைச் சேர்க்க, இன்னொரு 64 வரும். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அடுக்கு. ஆற்றலுக்கு இங்கே வேலையே இல்லை. இந்தக் கணத்தின் ஜெர்மன் பெயரான பொட்டென்ஸ்மெங்கேயில் உள்ள பொட்டென்ஸும் எண்ணின் அடுக்கைக் குறிக்கும் சொல்தான்.

பழைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை சுவைக் கூட்டுகளை 63 என்று கணக்கிடுகிறது. தனித்தனியாக 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நான்கு நான்காக 15, ஐந்தைந்தாக 6, ஆறும் சேர்ந்து 1. நம் 64-இல் இங்கே இல்லாதது, உறுப்பே இல்லாத வெற்றுக் கணம். சுவையே இல்லாத கூட்டு மருத்துவருக்கு எதற்கு? ஆனால் கணிதத்தில் அதை விட்டால் இரட்டிப்பு விதியே உடைந்துவிடும். மாணவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். அதனால் வரையறையிலேயே 'வெற்றுக் கணமும் முழுக் கணமும் உட்பட' என்று எழுதிவிட வேண்டும்.

'அடுக்கு என்றால் பாத்திர அடுக்கு நினைவுக்கு வருமே' என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டுமே, நல்லதுதான்! உறுப்பு எண்ணிக்கைப்படி உட்கணங்களை வைத்தால் 1, 6, 15, 20, 15, 6, 1 என ஏழு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இரண்டை எடுப்பதும் நான்கை விடுவதும் ஒரே செயல் என்பதால் மேலும் கீழும் ஒத்துப்போகின்றன. எண்ணின் அடுக்கு, வரிசைகளின் அடுக்கு என்ற இந்த இரண்டையும் வேறெந்தச் சொல்லும் ஒருசேரக் காட்டாது.

அப்புறம், இந்த வரிசைகளுக்கும் பெயர் வேண்டும். 'ஓருறுப்புக் கணம்' ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அதே வழியில் ஈருறுப்பு உட்கணம், மூவுறுப்பு உட்கணம் என்று போகலாம். வரிசையையும் 'அடுக்கு' என்றால் குழப்பம் வரும். 'மூவுறுப்பு மட்டம்' என்பது என் பரிந்துரை.

இலங்கை வழக்கில் கணம் தொடை, உட்கணம் தொடைப்பிரிவு, எண்ணின் அடுக்கு வலு. அங்குள்ள நண்பர்கள் 'வலு' என்று தொடங்கும் சொல்லைக் கேட்பது அவர்கள் வழக்கில் முழுக்க நியாயம். நம் பட்டியலில் அதைத் தனிப் பதிவாகச் சேர்ப்போம். அடைப்புக்குள் தள்ள வேண்டாம்.

'மட்டம்' என்பதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.