பெலெம் திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?
வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரேசில் போகிறேன். இரண்டாம் ஞாயிறு பெலெமில் நாசரே மாதா பவனி. 1793 முதல் நடக்கிறது. 400 மீட்டர் நீளக் கயிற்றை நேர்த்திக்கடன் உள்ளவர்கள் வெறுங்காலோடு பிடித்து இழுப்பார்கள். அதை நேரில் பார்ப்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. முழங்கால் வலி வேறு. நெரிசலில் சிக்காமல் உட்கார்ந்து பார்க்க எந்தப் பக்கம் வசதி?

இன்னொன்று, தக்காக்கா என்கிற அந்த ஊர் சூப். கொதிக்கவைத்த மரவள்ளிச் சாறு, மாவுக்கூழ், நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஜம்பு கீரை, காய்ந்த இறால், எல்லாம் சேர்த்துக் குடுக்கையில் சுடச்சுடத் தருவார்கள். அம்மாவுக்கு இறால் ஆகவே ஆகாது, தொண்டை வீங்கிவிடும். இறாலைக் கடைசியில்தான் போடுவார்களா, சாற்றிலேயே கலந்திருக்குமா? இது தெரியாமல் வாங்கிக்கொடுக்கப் பயமாக இருக்கிறது.

அப்படியே பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் ஜாகுவார் பார்க்க அக்டோபர் கடைசி தோதுப்படுமா என்றும் சொல்லுங்கள்.