கலைச்சொல் வேண்டும்: ‘அட்ரிபியூஷன்’ (வெள்ளிக்குள்)

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்காக, நாடுகளுக்கிடையிலான சைபர் தாக்குதலும் பன்னாட்டுச் சட்டமும் பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இறையாண்மை, தற்காப்பு, எதிர்நடவடிக்கை எல்லாம் தடங்கலில்லாமல் வந்துவிட்டன. ‘அட்ரிபியூஷன்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒரு தாக்குதலை இன்ன நாட்டின் செயல் என்று வைப்பதைச் சொல்கிறேன். 2007இல் எஸ்தோனியாவின் வங்கிகள், செய்தித்தாள்கள், அரசுத் தளங்கள் முடங்கின. எஸ்தோனியா ரஷ்யாவைக் கைகாட்டியது, ரஷ்யா மறுத்தது. அங்கே இடைவெளியாக நின்றது இந்தச் சொல்தான்.

‘பொறுப்பு’ என்று போட்டுப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். மலையாளத்தில் பொறுப்புக்கு ‘உத்தரவாதித்தம்’ என்பார்கள். ஒரு மாணவி விடைத்தாளில் ‘தாக்குதலுக்கு அந்த அரசு உத்தரவாதம் அளிக்கிறது’ என்று எழுதியிருக்கிறாள். தமிழில் படிப்பவருக்கு அரசே முன்நின்று தாக்குதலுக்கு உறுதி கொடுத்தது போல ஆகிவிடும். மலையாளத்தோடு குழம்பாத சொல்லாகப் பார்த்துக் கொடுங்கள்.

நகரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், சொல் நம் அணியிலக்கணத்திலேயே இருக்கிறது. தற்குறிப்பேற்றம். இயல்பாக நடப்பதன் மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்கிறான். அதுபோல ஒரு வினையை ஒரு நாட்டின் மேல் ஏற்றுவது வினையேற்றம். குறுகிய சொல், தூய தமிழ், மாணவர்களுக்கு அறிமுகமான ஈறு.

பாலக்காட்டு வழக்கறிஞர்:

ஐயா, மன்னிக்க வேண்டும், அந்த ஏற்றம் இங்கே ஆகாது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில்தான் அசைந்தன. கோவலனை ‘வாராதே’ என்று அவை தடுத்ததாக இளங்கோ ஏற்றிச் சொன்னார். அது உண்மையல்ல என்பது கவிஞருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். அணியின் அழகே அதில்தான். சட்டத்தில் நேர்மாறு. 2015இல் சைபர் பாதுகாப்பு பற்றிய ஐ.நா. வல்லுநர் குழுவின் அறிக்கை, ஒரு நாட்டின் மேல் குற்றம் சுமத்தினால் அதற்குச் சான்று வேண்டும் என்றது. வினையேற்றம் என்றால் ‘இல்லாததை ஏற்றிச் சொன்னார்கள்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எந்தக் கணினியிலிருந்து வந்தது, எந்தக் கும்பல் செய்தது என்று கண்டுபிடிப்பது ஒன்று. அந்தக் கும்பல் செய்ததைச் சட்டப்படி அரசின் செயலாகக் கொள்வது வேறொன்று. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகக் கணினி ஒன்றில் தீம்பொருள் (மால்வேர்) புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. தீம்பொருளை ஆராய்வது வல்லுநர் வேலை. எந்த அரசாவது அதற்குப் பதில் சொல்ல வேண்டுமா என்பது சட்டக் கேள்வி. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லாவிட்டால் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

குப்பம், ஆய்வு மாணவர்:

வக்கீல் சார் சொன்ன பிரிவு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே உண்டு. மூன்றாம் வேற்றுமைப் பொருளில் கருத்தா, அதாவது செயலைச் செய்பவர், இரண்டு வகை. சிற்பியால் சிலை செதுக்கப்பட்டது: இயற்றுதல் கருத்தா. கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது: ஏவுதல் கருத்தா. கரிகாலன் கல் சுமக்கவில்லை, ஆனாலும் அணை அவன் செயல்.

பன்னாட்டு நீதிமன்றம் 1986இல் நிகரகுவா வழக்கில் அலசியது இதைத்தான். நிகரகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்கு அமெரிக்கா பணம் தந்தது, ஆயுதம் தந்தது, பயிற்சியும் தந்தது. அது மட்டும் போதாது, குறிப்பிட்ட அந்தச் செயல்களின் மேல் திறம்பட்ட கட்டுப்பாடு இருந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். செலவுக்குக் கொடுத்தவன் எல்லாம் ஏவியவன் ஆகமாட்டான் என்பதே தீர்ப்பின் சாரம். 1999இல், யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த தீர்ப்பாயம் தாதிச் என்பவரின் வழக்கில், ஒழுங்கமைந்த ஆயுதக் குழு என்றால் ஒட்டுமொத்தக் கட்டுப்பாடே போதும் என்று தளர்த்தியது. 2007இல் போஸ்னியா வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் பழைய அளவுகோலுக்கே திரும்பிவிட்டது. ஒரு கொந்தர் (ஹேக்கர்) கும்பலுக்கு ஓர் அரசு சர்வரும் சம்பளமும் கொடுத்தால் போதுமா, இலக்கையும் நேரத்தையும் அதுவே சொல்லியிருக்க வேண்டுமா என்ற இன்றைய வழக்கெல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘கருத்தா காணல்’. மலையாள இலக்கணத்திலும் எழுவாய்க்குக் ‘கர்த்தாவு’ என்றே பெயர். டீச்சரின் பிள்ளைகள் திணறமாட்டார்கள்.

நகரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, விளக்கம் அருமை. ஆனால் கருத்தா வடசொல். தொல்காப்பியர் இதே வேற்றுமைக்கு ‘வினைமுதல் கருவி’ என்றுதான் நூற்பா செய்தார். வினைமுதல் இருக்கும்போது கருத்தா எதற்கு? அதோடு சைபரையும் விடமுடியாது. எங்கள் பக்கம் சைபர் என்றால் இன்றும் சுழியம். அது அரபு வழி வந்த வேறு சொல். இந்தச் சைபருக்கு மூலம் கிரேக்கம், கப்பலைச் செலுத்துபவன் என்று பொருள். நம்மிடம் அதே பொருளில் மீகாமன் இருக்கிறான். மீகாவெளி என்று ஆளலாம்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

ஐயா, வினைமுதலை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன். மீகாவெளியை எடுக்க முடியாது. செய்தித்தாளிலும் காவல்நிலையப் பலகையிலும் சைபர் என்றே இருக்கிறது. மோசடியில் பணம் இழந்த பெற்றோர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் புகார் கொடுக்கப் போகிறார்கள். பிள்ளை படித்த சொல் அங்கே உதவ வேண்டும்.

பாலக்காட்டு வழக்கறிஞர்:

வினைமுதல் காணல், முதல் வேலைக்கு மிகச் சரி. இரண்டாவதற்குப் போதாது. ஏவுதல் ஒரு வழி மட்டுமே. அரசுகளின் பொறுப்பு பற்றி ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் வகுத்த 2001 விதிகளைப் பாருங்கள். 4ஆம் விதிப்படி ராணுவமோ உளவுத்துறையோ செய்தால் ஏவினார்களா என்ற கேள்வியே இல்லை, அது அரசின் உறுப்பு. 2017இல் உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவிய நாட்பெட்யா தீம்பொருளுக்கு ரஷ்ய ராணுவமே காரணம் என்று 2018இல் பிரிட்டன் அறிவித்தது இந்த வகைக் குற்றச்சாட்டு. 8ஆம் விதிதான் ஏவுதல். 11ஆம் விதி, யாரோ செய்ததை அரசு பிறகு தனதென்று ஏற்பது. டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றியதை ஈரான் அரசு பிறகு தனதாக்கிக்கொண்டது என்று 1980இல் பன்னாட்டு நீதிமன்றம் சொன்னது இந்த வகை.

இதற்கெல்லாம் பொதுவாக விதிகளே சொல்வது ‘அரசின் செயலாகக் கொள்ளப்படும்’ என்பதுதான். உரையாசிரியர்கள் வரிக்கு வரி எழுதும் ‘கொள்க’. அதையே வைப்போம்: அரசுவினையாகக் கொள்ளல். ஏவாமல், தன் மண்ணிலிருந்து நடப்பது தெரிந்தும் சும்மா இருந்த அரசு இதில் சேராது. அது 1949 கார்ஃபூ கால்வாய் வழக்கு காட்டிய தனிக் கடமை. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

குப்பம், ஆய்வு மாணவர்:

நீளம்தான். ஆனாலும் சரி, உடன்படுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

நாளை காலை அச்சகம். கண்டுபிடிப்பதற்கு ‘வினைமுதல் காணல்’, சட்டத்துக்கு ‘அரசுவினையாகக் கொள்ளல்’. முதல் முறை வரும் இடத்தில் அட்ரிபியூஷன் என்பதையும் பக்கத்தில் போடுகிறேன், கல்லூரிக்குப் போனால் தேவைப்படும். மற்றவர்கள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

நகரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அச்சுக்குக் குறுக்கே நிற்கமாட்டேன். என் வாக்கு வினையேற்றத்துக்கே. ஏறு என்பதிலிருந்து ஏற்றுதல், ஏல் என்பதிலிருந்து ஏற்றல். வேர் வேறு, ஒலி ஒன்று. நீதிமன்றம் ஏற்றுவதையும், 11ஆம் விதிப்படி அரசு தானே முன்வந்து ஏற்பதையும் ஒரே சொல் தாங்குகிறது. மூன்று சொல் கோத்த தொடர் இதைச் செய்யுமா? வக்கீல் சார் கொடியைக் காட்டி மறுத்தாரே தவிர, இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.