கேரவன் தளத்துக்கு அனுமதி மறுப்பு: மேல்முறையீடு எடுபடுமா?

இங்கிலாந்தில் 'நேஷனல் லேண்ட்ஸ்கேப்' (இயற்கை அழகுக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி) எல்லைக்குள் எங்களுக்கு 6 ஏக்கர் புல்வெளி இருக்கிறது. 8 சுற்றுலா கேரவன் (பயணிகள் காரில் இழுத்துவரும் தங்கும் வண்டி) நிறுத்த உள்ளாட்சியிடம் திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்தோம். நான்கு மாதம் முன்பு மறுத்துவிட்டார்கள். காரணம், இலையுதிர்ந்தபின் எதிர்மலை நடைபாதையிலிருந்து வெள்ளைக் கூரைகள் பளிச்சென்று தெரியுமாம். (குளிரில் அங்கே ஆடுகள்தான் நடக்கும்!)

விண்ணப்பிக்கும் முன்பே உள்ளாட்சியின் ஆலோசனைக்குப் பணம் கட்டினோம், 12 கேரவனை 8 ஆக்கினோம், வேலிச்செடி நட்டோம், நிலக்காட்சி ஆய்வறிக்கையும் கொடுத்தோம். தள உரிம விதியிலிருந்து விலக்குப் பெற்ற கேரவன் சங்கத்தின் சான்றிதழ் வாங்கினால் திட்ட அனுமதியே வேண்டாம்; ஆனால் 5 கேரவன்தான், அதுவும் உறுப்பினருக்கு மட்டும். கட்டுப்படியாகாது.

மேல்முறையீட்டுக்கான 6 மாதத்தில் இரண்டுதான் மிச்சம். 'ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மட்டும், பிறகு காலி' என்ற நிபந்தனையை முன்வைத்து இப்படிப்பட்ட இடத்தில் யாராவது மேல்முறையீட்டில் ஜெயித்திருக்கிறீர்களா?