வெள்ளி இரவு ஈப்போவிலிருந்து பினாங்கு: கார் கிடைக்குமா?

வணக்கம். கோலாலம்பூரில் இருக்கிறோம். எங்களோடு கல்லூரியில் படித்த இருவர் ஐம்பதைத் தாண்டி இப்போதுதான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். (அன்றைக்கே எங்களுக்கெல்லாம் தெரியும், அவர்களுக்குத்தான் தாமதம்!) வரும் சனிக்கிழமை காலை 7:30க்கு பினாங்கு ஜார்ஜ் டவுனில் முகூர்த்தம். நானும் மனைவியும் வெள்ளி மாலை வேலை முடிந்துதான் கிளம்ப முடியும்.

மனைவிக்கு இடுப்புத் தட்டு (டிஸ்க்) விலகல். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடது கால் மரத்துவிடும். எழுந்து நடக்கலாம் என்பதால் ரயிலை நம்பியிருந்தோம். பள்ளி விடுமுறை, பினாங்குத் தீவுக்கு எதிரே இருக்கும் பட்டர்வொர்த் வரை போகும் இடிஎஸ் ரயில் முழுக்க நிரம்பிவிட்டது. ஆப்பில் விடியற்காலையிலும் பார்த்தாயிற்று, கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் கவுண்டரிலும் கேட்டாயிற்று. விமானத்தில் ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது. பஸ் நினைத்த இடத்தில் நிற்காது. எனக்குக் கண் அறுவை சிகிச்சை ஆனதால் இரவில் கார் ஓட்டக்கூடாது.

கடைசியில் ஈப்போ வரை இரண்டு டிக்கெட் கிடைத்தது. இரவு 9 மணி வாக்கில் இறங்குவோம். அதற்கப்புறம்தான் சிக்கல்.

அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்கு, வழியில் தைப்பிங் பக்கம் நிறுத்தி நிறுத்தி, பொறுமையாக ஓட்டிவரும் வாடகைக் கார்க்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?